என் கால் தரையில்தான் இருந்தது

புரட்டாசி 25, வியாழன்

இன்றும் அந்தச் சத்தம். துருவி முடித்த பிறகும் தேங்காய்த் துருவியில் சிரட்டையை உரசினால் வருமே, அப்படி ஒரு கீச்சு. கல்லிடைக்குறிச்சி ரோட்டில் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன். பேத்தி உலகம்மை இடப்பக்கம் உட்கார்ந்து, “ஆச்சி, கைய இறுக்காதீங்க, ஸ்டியரிங் எங்கயும் ஓடிராது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இந்தப் பழைய மாருதி எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டி. பழகுகிறவருக்கு வலப்பக்கம் மூன்று பெடல். சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில், இடப்பக்கம், இன்னொரு கிளட்ச்சும் இன்னொரு பிரேக்கும் உண்டு. ஆபத்து அவசரத்துக்கு. என் வீட்டுக்காரர் இருந்தவரை அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். இப்போது உலகு. அதற்கான படிப்பும் சர்ட்டிபிகேட்டும் அவளிடம் இருக்கிறது.

நான் எதற்கு இந்த வயதில் ஓட்டப் பழகுகிறேன் என்று ஊரே கேட்கிறது. ஊருக்குத் தெரியாதா? ஆவணியில் அவருடைய தலைத்திவசத்துக்கு என் கொழுந்தன் ஆதிமூலம் வந்தான். அண்ணனிடம் தொழில் கற்று, அண்ணன் போன மறுமாதமே எதிர்ச்சாரியில் தனியாக ஸ்கூல் திறந்தவன். இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, ஈரக் கையோடு சபையில் சொன்னான்:

“வெளிய ஸ்கூல்னு போர்டு. உள்ள இருக்கது அஞ்சாங்கிளாஸ். மதினி, அண்ணன் பேரு கெடுறதுக்குள்ள அந்தப் போர்டக் கழத்தி என் கையில குடுத்திருங்க.”

பந்தி முழுவதும் சிரித்தது. நான் பாயச வாளியைக் கீழே வைத்தேன்.

“தை பொறக்கதுக்குள்ள லைசென்ஸ் வாங்கி, நானே ஓட்டிட்டு வந்து உம்ம கடை வாசல்ல நிப்பாட்டுதேன். முடியலன்னா போர்ட நானே கழத்தித் தாரேன். போதுமாய்யா?”

சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அவர் பேர் எழுதின போர்டு அது. ‘வேலாயுதம் டிரைவிங் ஸ்கூல்.’ அதைத் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறேன். அவன் கை அதில் பட விடமாட்டேன்.

ஐப்பசி 1, வியாழன். ஆயுத பூஜை

எதிர்ச்சாரியில் சீரியல் பல்பு. ஏசி வைத்த புது வண்டிக்கு ஆள் உயர மாலை. ஆதிமூலம் பொரியும் சுண்டலும் கொடுத்தனுப்பினான். பக்கத்து வீட்டுக் கோமதியக்காவின் எருமைக்கு வைத்தேன். அது தின்றது. அதற்கு ரோஷம் கிடையாது.

சத்தத்துக்கு ஒரு வழி பார்க்காமல் விடப்போவதில்லை. அவர் எனக்குச் சொல்லித்தந்த பாடம் இது, ஐந்தாம் வகுப்பில் இல்லாத பாடம்: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடு. கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வருகிறதா, கிளட்ச் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருகிறதா, கியர் பாக்ஸுக்குள் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிடுகிறதா, அந்தக் கியரின் பல்.

வாசலில் வைத்தே பார்த்தேன். விட்டேன், சத்தமில்லை. மிதித்தேன், கீச்சு. விட்டேன், இல்லை. கிளட்ச் பேரிங்தான், சந்தேகமே இல்லை என்று எழுந்தேன்.

ஆனால் சாயங்காலம் ரோட்டில் போகும்போது, கிளட்ச்சை விட்டுவிட்டு இடது காலைத் தரையில் அழுத்தி வைத்திருக்கிறேன், அப்போதும் கீச்சு. மிதிக்காத கிளட்ச் எப்படிக் கத்தும்?

“ஏட்டி, என் காலப் பாரு. தரையிலதான இருக்கு?”

“தரையிலதான் ஆச்சி இருக்கு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்தாள்.

ஐப்பசி 5, திங்கள்

மெக்கானிக் பிச்சைக்கனியிடம் கொண்டுபோனேன். அவன் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

“ஓட்டத்துல ஒரு சத்தமும் இல்லையே ஆச்சி. மிதிச்சா மட்டும் லேசா இருக்கு.”

“எனக்குக் காது செவிடுங்கியா? ஏறு பின்னால.”

நான் ஓட்டினேன். உலகு பக்கத்தில். போஸ்ட் ஆபீஸ் தாண்டுவதற்குள் கீச்சு, கீச்சு. பிச்சைக்கனி பின்சீட்டில் சிரித்தான். “வண்டிக்கு ஒங்களக் கண்டாத்தான் தொண்ட கட்டுது ஆச்சி.” அப்புறம் முன்னால் எட்டிக் குனிந்து எதையோ பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். உலகு, “அண்ணாச்சி, வாங்க டீ குடிப்போம்” என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. “பழைய வண்டி. அப்பிடித்தான் இருக்கும்” என்றான்.

அப்படித்தான் இருக்குமா? அவன் ஓட்டினால் இல்லாத சத்தம் நான் உட்கார்ந்தால் மட்டும் எப்படி வரும்? இதில் ஒரு கை இருக்கிறது. யார் கை என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசி 9, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். இந்த வண்டிக்குக் கடைசியாகக் கியர் ஆயில் மாற்றியவன் ஆதிமூலம். தேய்ந்த கியர் பாக்ஸில் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அமுக்கி விற்கிறவர்கள் உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். தூள் கரைந்ததும் பூதம் வெளியே வரும். போகிற போக்கில் அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறான். போர்டு தன் கைக்கு வர வேண்டும் அல்லவா?

பிச்சைக்கனியை நிற்கவைத்து ஆயிலை இறக்கச் சொன்னேன். பழைய சட்டியில் விழுந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நல்லெண்ணெய் மாதிரி சுத்தமாக இருந்தது. தூளும் இல்லை, துகளும் இல்லை.

அதனால் அவன் யோக்கியன் என்று ஆகிவிடாது. வேறு எதையோ செய்திருக்கிறான்.

ஐப்பசி 12, திங்கள்

மழை. வண்டி எடுக்கவில்லை. ஆதிமூலம் மருமகளுக்கு வளைகாப்பு. போகவில்லை. வளையல் மட்டும் கொடுத்தனுப்பினேன். பிள்ளை என்ன பாவம் செய்தது.

ஐப்பசி 16, வெள்ளி

சந்தை முக்கில் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். உலகுக்குப் போன் வந்தது. காலை மடித்து, திரும்பி உட்கார்ந்து, பையில் போனைத் தேடினாள். அதே நொடியில் கீச்சு நின்றது. வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் பால்காரர் பெல் அடித்தார். உலகு போனைப் போட்டுவிட்டு, “சாரி ஆச்சி, சாரி” என்றாள். அவள் எதற்கு சாரி சொல்கிறாள்? வண்டி செய்கிற சேட்டைக்கு அவள் என்ன செய்வாள்.

ஆதிமூலம் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பல் தெரிந்தது.

ஐப்பசி 20, செவ்வாய். தீபாவளி

ஆதிமூலம் பெண்டாட்டி அதிரசம் கொண்டுவந்தாள். காப்பி கொடுத்தேன். சீனி போடவில்லை. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

ஐப்பசி 24, சனி

எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் மறந்துவிடுவேன். மறக்கக் கூடாது.

காலையில் எதிர்ச்சாரிக்குப் போனேன். டீக்கடையில் நல்ல கூட்டம். கூட்டம் இருக்கட்டும் என்றுதான் அந்த நேரம் பார்த்துப் போனேன்.

“ஆதிமூலம், வெளிய வாரும். எங்க வண்டியில என்ன செஞ்சு வெச்சீரு?”

“நான் என்ன செஞ்சேன் மதினி?”

“என் கால் தரையில இருக்கு, கிளட்ச் கத்துது. ஏறி உக்காந்து கேட்டுட்டு, நாலு பேரு முன்ன நீரே சொல்லும்.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினான். உலகு, “வேண்டாம் ஆச்சி” என்றாள். “நீ ஏறுட்டி” என்றேன். ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பினேன். போகும்போதும் வரும்போதும் கீச்சு. அவன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டான். அப்புறம் முன்னால் குனிந்து இடப்பக்கம் பார்த்தான். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே வந்தான்.

டீக்கடை முன் நிறுத்தினேன். இறங்கினான்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்ல மதினி. உலகம்மைய எறக்கி விட்டுட்டு ஓட்டுங்க. சத்தம் நின்னுரும்.” கூட்டத்தின் பக்கம் திரும்பினான். “வண்டியும் நின்னுரும்.”

முதலில் எனக்குப் புரியவில்லை. டீக்கடைக்காரனுக்குப் புரிந்துவிட்டது. அவன் சிரித்த பிறகுதான் நான் உலகின் காலைப் பார்த்தேன். இடது செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். கால் அவள் பக்கத்துக் கிளட்ச் மேல் இருந்தது.

ஐப்பசி 25, ஞாயிறு

அரிசி மில் நெற்களத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். உலகை இறங்கி ஓரமாக நிற்கச் சொன்னேன். தனியாக உட்கார்ந்தேன்.

சத்தம் இல்லை. அவன் சொன்னபடியே வண்டியும் நின்றது. மறுபடி எடுத்தேன், நின்றது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. களத்துப் புறாக்கள்கூட முதலில் பறந்தன, பிறகு பறக்கவில்லை.

ஆக, இத்தனை நாளும் நான் ஓட்டவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

“எதுக்குட்டி அப்பிடிச் செஞ்ச?”

“நீங்க ஆஃப் பண்ணும்போதெல்லாம் சித்தப்பாத் தாத்தா கடையில நின்னு பாக்காரு. நீங்க தோத்துட்டா போர்டு போயிரும்லா ஆச்சி.”

“நான் தோத்தாத்தான போகும்? தோக்கதுக்கு முந்தி நீயே முடிவு பண்ணிட்டியா?”

“டெஸ்ட்டுலயும் பக்கத்துல நாந்தான் இருப்பேன். கால் குடுத்துத் தேத்திரலாம்னு...”

அவள் கன்னத்தில் அறையக் கை போனது. அறையவில்லை. பேசுவதை நிறுத்தினேன்.

கார்த்திகை 3, திங்கள்

உலகோடு பேசவில்லை. சோறு போடுகிறேன், பேசவில்லை. ஆதிமூலம் சிரித்தது எரிகிறது, ஆனால் அவன் எதிரி. எதிரி சிரிப்பான். இவள் என் மடியில் வளர்ந்தவள்.

பிச்சைக்கனியை வீட்டுக்கே வரச் சொன்னேன். இரண்டு வேலை. கியர் பாக்ஸை இறக்கிப் புதுக் கிளட்ச் பேரிங் போட வேண்டும். இடப்பக்கத்துப் பெடல் இரண்டையும் கம்பியோடு கழற்றி எடுக்க வேண்டும்.

“ஆச்சி, ஆபத்துக்குத் தேவப்படுமே.”

“களத்துல பழகுதேன். அங்கன புறாவத் தவிர ஆபத்து கெடையாது.”

கழற்றின பேரிங்கை என் கையில் கொடுத்தான். முகம் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. “இது ஒரு மாசம் ரெண்டு மாசத்துத் தேய்மானம் இல்ல ஆச்சி. வருஷக்கணக்கா இதுமேல ஒரு கால் இருந்திருக்கு. வண்டியில பழகுன அத்தன பேருக்கும்...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டான்.

அவன் கணக்கு தப்பு. எத்தனை டாக்டர், எத்தனை வாத்தியார், எத்தனை பொம்பளைப் பிள்ளைகள் என் வீட்டுக்காரரிடம் படித்து லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். கடைத்தெருவில் பாதிப்பேர் அவரிடம் பழகியவர்கள்.

சாயங்காலம் பரணில் ஒரு வேலையாக ஏறினேன். அவருடைய பழைய செருப்புகள் சாக்கில் இருந்தன. எல்லா ஜோடியிலும் இடது செருப்புதான் தேய்ந்திருக்கும். நடை கோணல், அதனால்தான் என்று அவர் சொல்வார். தூசி தட்டி, சாக்கைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கார்த்திகை 12, புதன்

தினமும் களம். கிளட்ச்சை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. தயிர்ச் சட்டியை உறியில் மாட்டும்போது கயிறு எடையை வாங்கிக்கொள்கிற இடம் கையில் தெரியுமே, அது மாதிரி காலில் தெரிகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்தால் வண்டி நிற்பதில்லை. இத்தனை நாள் அந்த இடத்தை உலகின் கால் தின்றுவிட்டது.

முதல் நாள் செய்த தவறுக்கெல்லாம் வண்டி உடனுக்குடன் என்னை உதறியது. எனக்கு அது பிடித்திருக்கிறது. வண்டி இச்சகம் பேசுவதில்லை.

ரிவர்ஸ் போடும்போது பல் நறநறவென்று அரைத்தது. பயந்து பிச்சைக்கனியைக் கூப்பிட்டேன். “கோளாறு இல்ல ஆச்சி. மிதிச்ச ஒடனே போடுதீங்க. மிதிச்சிட்டு ஒரு மூச்சு விட்டுப் போடுங்க” என்றான். விட்டேன். வெண்ணெயாக விழுந்தது.

இன்னொன்றும் யோசித்தேன். டெஸ்ட் நடக்கிற மைதானத்தில் என்ன வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஸ்கூல் வண்டி என்றால் இடப்பக்கம் வாத்தியார் உட்கார்ந்துகொள்வார், பழகுகிறவரின் தைரியத்துக்கு என்று. இன்ஸ்பெக்டர் வெளியே நின்று பார்ப்பார். எட்டுப் போடுவது ஆளா, பக்கத்துக் காலா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஆதிமூலம் விளம்பரத்தில் போடுகிறான், ‘எங்களிடம் பயின்றவர் தோற்றதில்லை’ என்று. தோற்றதில்லைதான். அவனுடைய கால் தோற்றதில்லை.

யோசித்தபடியே முறுக்கு சுட்டேன். நன்றாக வந்தது.

கார்த்திகை 20, வியாழன்

டெஸ்ட். எல்லாருக்கும் முன்னால் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் ஆதிமூலத்தின் புது வண்டியும் அவனுடைய ஆட்களும். கல்லூரிப் பையன்கள், ஒரு துணிக்கடை முதலாளி, வெள்ளைச் சேலையில் ஒரு நர்ஸ் பெண்.

இன்ஸ்பெக்டர் ஒரு அம்மாள், ஊருக்குப் புதிது. வணக்கம் சொன்னேன்.

“அம்மா, ஓட்டுறதுக்கு முந்தி ஒரு விஷயம். எங்க வண்டியில இடப்பக்கம் பெடல் கெடையாது. குனிஞ்சு பாத்துக்கிடுங்க.”

“ஏன் பாட்டி, கழட்டிட்டீங்களா?”

“ஆமா. லைசென்ஸ் எனக்குத்தான வேணும்? பக்கத்துல இருக்கவுக காலுக்கு இல்லையே.”

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வரிசையில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆதிமூலத்தின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அவன் வாழ்க்கையில் என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“சொல்லிக் குடுக்குறவங்க எல்லாரும் எறங்குங்க. இன்னைக்கு ஆள் மட்டும்தான். பக்கத்துல நான் உக்காருறேன்.”

நான் முதலில் போனேன். எட்டில் முதல் வளைவு சரியாகப் போட்டேன். இரண்டாவது வளைவில் அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். அந்தப் பேனாவைப் பார்த்துவிட்டேன். பின்சக்கரம் கோட்டுக் கம்பை ஒரு தட்டு தட்டியது. கம்பு விழுந்தது. ஃபெயில்.

இறங்கினேன். ஆதிமூலம் கிட்டே வந்தான். “என்ன மதினி, போர்டக் கழத்த ஏணி எடுத்துட்டு வரட்டா?”

“தை பொறக்கட்டும். மொதல்ல உம்ம ஆளுக ஓட்டட்டும், பாப்போம்” என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

துணிக்கடை முதலாளியின் வண்டி மூன்று துள்ளு துள்ளி நின்றது. ஒரு பையன் கியரைப் பார்த்துக்கொண்டே நேராகப் புதரில் விட்டான். அடுத்தவனுக்கு வண்டி நகரவே இல்லை. ஒவ்வொரு தடவை எஞ்சின் செத்தபோதும் நான் ஒரு முறுக்கைக் கடித்தேன். ஆதிமூலத்தின் ஆட்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. துணிக்கடைக்காரர் மைதானத்திலேயே அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக, “அப்ப இத்தன நாளும் நான் என்னத்தய்யா ஓட்டுனேன்?” என்று கத்தினார்.

எனக்குத் தெரியும், அவர் என்னத்தை ஓட்டினார் என்று.

ஆதிமூலம் என் முன்னால் வந்து நின்றான். “மதினி, ஒரு கம்ப விழத்தாட்டுறதுக்காக ஒரு ஊரையே விழத்தாட்டிட்டிய.”

“முறுக்கு சாப்பிடுதீரா?”

அவன் வாங்கவில்லை. நர்ஸ் பெண் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தது. வேலைக்கு அந்த லைசென்ஸ் வேண்டுமாம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அது ஆதிமூலத்தின் பாவம், என்னுடையதில்லை.

ராத்திரி சாப்பாடு ருசியாக இருந்தது. கடைசிக் கவளத்தில் அந்தப் பெண்ணின் சேலை ஞாபகம் வந்தது. மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டேன்.

கார்த்திகை 22, சனி

அந்த நர்ஸ் பெண்ணைக் களத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். பேர் டெய்சி ராணி. பீஸ் வாங்க வேண்டாம் என்று உலகிடம் சொன்னேன். பேச்சை நிறுத்திய பிறகு அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் அழப் பார்த்தாள். “அழுதா பெடல மாட்டிருவேன்” என்றேன்.

மார்கழி 5, வியாழன்

டெய்சி ராணி எனக்கு முன்னால் ஓட்டி, பாஸ். அது எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று தெரியவில்லை.

நானும் பாஸ். இந்தத் தடவை பேனாவைப் பார்க்கவில்லை. அந்த அம்மாள், “பாட்டி, எட்டு அழகா இருக்கு. யாரு சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டார். ஒரு பேரைச் சொல்ல வாய் வந்தது. “வண்டிதான்” என்றேன்.

டெஸ்ட் முடிந்த கையோடு நேராக ஆதிமூலம் கடை வாசலுக்கு ஓட்டினேன். உலகு பக்கத்தில் இருந்தாள். மைதானத்து வாசலிலேயே செருப்பிரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊர்முழுக்க அப்படியே வந்தாள், கோயில் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல. டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன்.

அவன் படிக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. ஆதிமூலம் வெளியே வந்தான். அவன் கடையில் இப்போது கூட்டம் குறைவு. முதலில் என்னைப் பார்க்கவில்லை. தொழில் பழக்கம், இடப்பக்கம் குனிந்து பார்த்தான். வெறும் தரை. கழற்றின இடத்தில் இரண்டு ஓட்டை.

கிளட்ச்சை மிதித்தேன். விட்டேன். மறுபடி மிதித்தேன். அவனுக்குக் காது இருக்கிறது, நல்ல காது. கேட்டான். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

“பேரிங் மாத்திட்டியளோ?” என்றான்.

“காலையும் மாத்திட்டேன்.”

அவன் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரன்கூடச் சிரிக்கவில்லை.

“அண்ணன் கால் மாதிரி வராது மதினி” என்றான், மெதுவாக. இளக்காரமாகச் சொன்னானா, வேறு மாதிரிச் சொன்னானா என்று எனக்குப் பிடிபடவில்லை. அண்ணன் கால் இத்தனை வருஷமும் எதன்மேல் இருந்தது என்று அவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பேரை நடுத்தெருவில் இழுக்க அவனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவன் இழுக்கவில்லை.

அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ரிவர்ஸ் போட்டேன். மிதித்து, ஒரு மூச்சு விட்டு. தெருவைக் கடந்து நம் வாசலில் நிறுத்திவிட்டு, ஈரத்துணி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, போர்டைத் துடைத்தேன். எதிர்ச்சாரியில் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகத் துடைத்தேன்.